இணையவழிப் பன்னாட்டுப் பள்ளிக் கூட்டுப்பணி

வெவ்வேறு நாடுகளிலுள்ள பள்ளிகளின் மாணவர்கள், ஆசிரியர்களின் வழிநடத்தலில், பயணம் மேற்கொள்ளாமல் இணையம் வழியே ஒரே பாடப்பணியைச் சேர்ந்து செய்வது இணையவழிப் பள்ளிக் கூட்டுப்பணி எனப்படும். ஒரு நாள் காணொளியில் கையசைத்து வணக்கம் சொல்லிப் பிரிவது இதில் சேராது. எதிர்த்தரப்பின் பங்கு இல்லாவிட்டால் முடிக்கவே முடியாத வேலையாக இருப்பதுதான் நல்ல கூட்டுப்பணியின் அடையாளம்.

இந்த எண்ணம் இணையத்தைவிட மூத்தது. பிரான்சில் செலெஸ்தேன் ஃபிரெனே என்ற ஆசிரியர், முதல் உலகப்போரில் நுரையீரல் பாதிக்கப்பட்டுத் திரும்பியவர், தெற்கே மலைப்பாங்கான பார்-சுர்-லூ ஊர்ப் பள்ளியில் 1920களில் ஒரு சிறு அச்சு இயந்திரத்தை வகுப்பறைக்குள் கொண்டுவந்தார். பிள்ளைகள் தாங்களே எழுதி அச்சிட்ட தாள்களை, பிரித்தானிப் பகுதியின் கடலோரப் பள்ளி ஒன்றில் ரெனே தானியல் நடத்திய வகுப்புக்கு அஞ்சலில் அனுப்பினார்கள். மலைப்பகுதிப் பிள்ளைகளுக்குக் கடற்கரைப் பிள்ளைகளே பாடநூலானார்கள். தன் ஊரைப் பற்றி ஒன்றும் அறியாத ஒருவர் படிக்கப்போகிறார் என்று தெரிந்ததும் எழுத்தில் தெளிவும் அக்கறையும் கூடின. இன்றைய கூட்டுப்பணிகளின் வேர் இங்கே இருக்கிறது.

கணினி வழித் தொடர்பு 1980களில் வகுப்பறைக்கு வந்தது. 1985இல் தொடங்கிய 'தெ ஓரியா அ ஓரியா' என்னும் ஸ்பானிய மொழித் திட்டம், புவேர்ட்டோ ரிக்கோ வகுப்புகளையும் அமெரிக்காவில் ஸ்பானியம் பேசும் குடும்பங்களின் பிள்ளைகள் படித்த வகுப்புகளையும் இணைத்தது. அவர்கள் சேர்ந்து செய்த பணிகளுள் ஒன்று பழமொழித் தொகுப்பு. ஆங்கிலம் தெரியாத தாத்தா பாட்டிகளிடம் பிள்ளைகள் உட்கார்ந்து கேட்டு எழுத வேண்டியிருந்தது. பள்ளியில் மதிப்பில்லாமல் கிடந்த வீட்டுமொழி அந்த வேலைக்கு இன்றியமையாததாயிற்று.

1988இல், பனிப்போரின் இறுதிக் காலத்தில், பீட்டர் கோப்பன் என்ற அமெரிக்கரின் முயற்சியால் நியூயார்க் மாநிலத்தில் 12 பள்ளிகளும் மாஸ்கோவில் 12 பள்ளிகளும் இணைக்கப்பட்டன. அதிலிருந்து வளர்ந்ததே நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளில் இயங்கும் 'ஐஎர்ன்' வலையமைப்பு. நார்வேயில் ஓட் தெ பிரெஸ்னோ 1990இல் தொடங்கிய 'கிட்லிங்க்', 10 முதல் 15 வயதுவரையான பிள்ளைகளிடம் 'நான் யார்?', 'வளர்ந்ததும் என்ன ஆக விரும்புகிறேன்?' போன்ற கேள்விகளை வைத்து உரையாடலைத் தொடங்கியது.

மாணவர் பெறும் பயனை அறிவியல் பாடம் மிகத் தெளிவாகக் காட்டுகிறது. பல நாட்டுப் பள்ளிகள் சேர்ந்து செய்யும் நண்பகல் நிழல் அளவீட்டைப் பாருங்கள். சம இரவு நாளையொட்டி, ஒரு மீட்டர் கோலைச் செங்குத்தாக நிறுத்தி, அதன் மிகக் குறுகிய நிழலை ஒவ்வொரு பள்ளியும் அளக்கிறது. அதிலிருந்து சூரியக் கதிரின் கோணம் கிடைக்கிறது. ஒரே தீர்க்கரேகையில் 800 கி.மீ. இடைவெளியிலுள்ள இரு ஊர்களின் கோணங்கள் 7.2 பாகை வேறுபட்டால், அது முழுவட்டத்தில் 50இல் ஒரு பங்கு. ஆகவே பூமியின் சுற்றளவு 40,000 கி.மீ. பண்டைய கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தெனிஸ் கையாண்ட இந்த முறைக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். வடக்கிலோ தெற்கிலோ தொலைவில் இன்னொருவர் வேண்டும். அவர் கவனக்குறைவாக அளந்தால் நம் விடை தவறும், நாம் அசட்டையாக இருந்தால் அவருடையது தவறும். அளவீட்டில் நேர்மை ஏன் வேண்டும் என்பதை இதைவிட நன்றாக எந்தத் தேர்வும் கற்பிப்பதில்லை.

மொழிப் பயிற்சியிலும் ஆதாயம் உண்டு. இரு தரப்புக்கும் ஆங்கிலம் இரண்டாம் மொழியாக இருக்கும்போது கூச்சம் குறைகிறது, புரியவைப்பதே குறிக்கோளாகிறது. நேர வேறுபாடு தடையாகத் தோன்றினாலும் பல சமயம் உதவுகிறது. நியூயார்க்கில் முதல் பாடவேளை தொடங்கும்போது மாஸ்கோவில் மாலையாகிவிடும். எனவே எழுதி அனுப்பிக் காத்திருக்க நேர்கிறது. மெல்லப் பேசும் பிள்ளைக்கும் யோசித்துத் திருத்தி எழுத அவகாசம் கிடைக்கிறது.

ஆசிரியர்கள் பெறுவது குறைவாகவே பேசப்படுகிறது. நான்கு சுவர்களுக்குள் தனியே பணியாற்றுபவர்கள் அவர்கள். கூட்டுப்பணி அந்தத் தனிமையைப் போக்குகிறது என்பதற்கு, பள்ளிகளை இணையவழியில் இணைக்க ஐரோப்பிய ஆணையம் 2005இல் தொடங்கிய 'இ-ட்வின்னிங்' நல்ல சான்று. 2002இல் பார்சிலோனாவில் கூடிய ஐரோப்பிய மாமன்றம் இணையவழிப் பள்ளி இணைப்பை வலியுறுத்தியதன் தொடர்ச்சி இது. 2014இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் கல்வித் திட்டமான எராஸ்மஸ் பிளஸ்ஸின் பகுதியாயிற்று. இதில் ஒரு திட்டத்தை ஒருவர் தனியே பதிவு செய்ய இயலாது. இரு ஆசிரியர்கள் சேர்ந்தே தொடங்க வேண்டும். எதை மதிப்பிடுவது, எவ்வளவு நேரம் ஒதுக்குவது, பிள்ளைகளுக்கு எவ்வளவு உரிமை தருவது என்று பேசி முடிவெடுக்கும்போது, இதுவரை கேள்வி கேட்காமல் செய்துவந்ததற்கெல்லாம் ஆசிரியர் காரணம் சொல்ல வேண்டியிருக்கிறது. பயிலரங்குகள் தராத பயிற்சி இது. மாணவர்களின் பாதுகாப்புக்காக, திட்டத்தில் சேர்ந்தவர்கள் மட்டுமே நுழையக்கூடிய 'ட்வின்ஸ்பேஸ்' என்ற மூடிய தளமும் தரப்படுகிறது.

குறைகளும் உள்ளன. வசதியான பள்ளி கொடுப்பதாகவும் ஏழைப் பள்ளி பெறுவதாகவும் இணைப்பு அமைந்தால், பிள்ளைகள் சமத்துவத்துக்குப் பதில் இரக்கத்தைக் கற்கிறார்கள், அது தீங்கு. பாடத்திட்டத்தில் இடமில்லாதபோது சுமை முழுவதும் ஆசிரியரின் மாலைப்பொழுதில் விழுகிறது. அவர் இடம் மாறினால் இணைப்பு அறுந்துவிடுகிறது. இதனால்தான் இ-ட்வின்னிங், தனி ஆசிரியருக்கும் திட்டத்துக்கும் தரும் தரச்சான்றுகளோடு, 2018 முதல் முழுப் பள்ளிக்குமான அங்கீகாரம் ஒன்றையும் வழங்குகிறது. அதைப் பெறும் பள்ளியில் தலைமை ஆசிரியரும் சக ஆசிரியர்களும் பொறுப்பைப் பகிர்ந்துகொள்ள வேண்டும்.