ஒரு வெற்று டிவிடியின் கதை

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் ஒரு வெற்று டிவிடிக்காக நாங்கள் அரை நாள் அலைந்தோம். "இதெல்லாம் இப்ப யாரு தம்பி வாங்குறாங்க?" எண்டு கடை நானா சிரித்தார்.

எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. 83 ஜூலை பற்றிக் கொட்டாஞ்சேனைப் பெரியவர்கள் சொன்ன ஒலிப்பதிவுகள் எல்லாம் ஒரு பழைய விண்டோஸ் 7 கணினிக்குள். அதுவோ திடீரென எழும்ப மறுத்துவிட்டது. பென் டிரைவையும் அது கணக்கெடுக்கவில்லை.

இந்தப் பழுதுபார்க்கும் வட்டுக்கும் ஒரு வரலாறு இருக்கு. விண்டோஸ் 98 காலத்தில் 1.44 எம்பி ஃப்ளொப்பி போதும். எக்ஸ்பிக்கு நிறுவல் சீடியே வேணும். கள்ளக் கொப்பி போட்ட வீடுகளில் அது எங்கே! 2009இல் வந்த விண்டோஸ் 7தான் வெற்று வட்டில் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள் என்றது. 2012இல் விண்டோஸ் 8 அந்த வேலையைப் பென் டிரைவுக்கு மாற்றத் தொடங்கியது. மடிக்கணினிகளில் டிவிடி டிரைவும் மெல்லக் காணாமல் போனது.

நண்பனின் விண்டோஸ் 7 கணினியில் வட்டை எழுதப் போனோம். முதலாவது பாதியில் நின்றது, பழைய இருப்பு போல. இரண்டாவது எழுதி முடிந்தும் எங்கள் கணினி ஏற்கவில்லை. நண்பனுடையது 64 பிட், எங்களுடையது 32! 32 பிட் கணினி ஒன்றைத் தேடிப் பிடிக்க இன்னும் ரெண்டு நாள்.

மூன்றாவது ஓடியது. ஆனா விண்டோஸ் திருந்தவில்லை. இந்த வட்டில் எங்கள் கோப்பு எதுவும் இருக்காது. உள்ளே போக ஒரு வழி தரும், அவ்வளவுதான். பலர் ஏமாறுவது இங்கதான். கட்டளைத் திரையில் நோட்பேடைத் திறந்து, அதன் கோப்புப் பெட்டிக்குள்ளால் ஒலிப்பதிவுகளைப் பென் டிரைவில் ஒட்டினோம்.

பதினொன்றில் ஒன்பது வந்தது. மற்ற இரண்டில் பேசியவர்களில் ஒருவர் இப்போது இல்லை.