யார் கண்ணுக்காக?

டைநைட்ரோஃபீனாலின் கதையைப் பெண்கள் வரலாறாகவே நான் வாசிக்கிறேன். முதல் உலகப் போரின்போது பிரெஞ்சு வெடிமருந்து ஆலைகளில் இந்த வேதிப்பொருளோடு வேலை செய்தவர்கள் மெலிந்தார்கள். உடல் கொதித்துச் சிலர் இறந்தார்கள். 1933இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் அதையே எடை குறைக்கும் மருந்தாக முன்வைத்தார்கள். எடையும் குறைந்தது. 1935இல், அதை உட்கொண்டு கண்புரையோடு மருத்துவரிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். அதைத் தடுக்கும் அதிகாரம் அமெரிக்க அரசுக்கு 1938ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் கிடைத்தது.

இன்றைய செமாகுளுடைட் ஊசி அந்த நஞ்சல்ல. சர்க்கரையைக் கட்டுப்படுத்துகிறது, மாரடைப்பு அபாயத்தைக் குறைக்கிறது. குமட்டல், வாந்தி, தசையிழப்பு, அரிதாகக் கணைய அழற்சி ஆகியவையும் உண்டு. நோய்க்கு என்றால், மருத்துவரோடு பேசி இரண்டையும் எடைபோட்டு முடிவெடுக்கலாம். கல்யாணத்துக்குள் மெலிய வேண்டுமென்று ஊசியைப் பற்றி விசாரித்த மாணவியிடம் நான் கேட்டது ஒன்றுதான்: யார் கண்ணுக்காக?