நேஷனல்ஸுக்கு யார் போவது? அமெரிக்கக் கல்லூரி ஃப்ரிஸ்பீயின் இடப் பங்கீட்டுக் கதை

1972 நவம்பர் 6. நியூ ஜெர்சியில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் ஒரு வாகன நிறுத்துமிடம். ரட்கர்ஸ் மாணவர்களும் பிரின்ஸ்டன் மாணவர்களும் அங்கே ஒரு பிளாஸ்டிக் தட்டை வீசி விளையாடினார்கள். அதற்கு 103 வருஷம் முன்னாடி, 1869-இல், அதே தேதியில் அதே இடத்தில்தான் அமெரிக்காவின் முதல் கல்லூரி ஃபுட்பால் ஆட்டம் நடந்தது. அப்போதும் இதே இரண்டு கல்லூரிகள்தான். அன்று ரட்கர்ஸ் 6-4 என்று ஜெயித்தது, இந்த முறை 29-27. இரண்டு தடவையும் வித்தியாசம் ரெண்டே ரெண்டு.

அல்டிமேட் ஃப்ரிஸ்பீ என்கிற விளையாட்டில் கல்லூரிகள் மோதிக்கொண்ட முதல் ஆட்டம் அது. தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம்: பக்கத்துக்கு ஏழு பேர். தட்டு கையில் இருக்கும்போது ஓடக் கூடாது, இன்னொருவருக்கு வீசத்தான் வேண்டும். எதிரணியின் எல்லைப் பகுதிக்குள் நம்ம ஆள் பிடித்தால் ஒரு புள்ளி. பொதுவாக 15 புள்ளி வரை ஆட்டம். நடுவர் கிடையாது, ஃபவுலா இல்லையா என்று ஆடுபவர்களே பேசி முடிவு செய்ய வேண்டும். 1968-இல் நியூ ஜெர்சியின் மேப்பிள்வுட் ஊரில், கொலம்பியா உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் ஆரம்பித்து வைத்தது இது.

சரி, விஷயத்துக்கு வருவோம். நடுவரே வேண்டாம் என்று சொன்ன விளையாட்டில், தேசியப் போட்டிக்கு எந்தெந்தக் கல்லூரி போகும் என்பதை யார் முடிவு செய்வது?

எட்டு அணியில் தொடங்கியது

1975-இல் யேல் பல்கலைக்கழகத்தில் நடந்த முதல் கல்லூரிப் போட்டித் தொடரில் மொத்தமே எட்டு அணிகள். ரட்கர்ஸ் ஜெயித்தது. எட்டு அணிக்கு எதற்குத் தகுதிச் சுற்று? 1979-இல் அல்டிமேட் பிளேயர்ஸ் அசோசியேஷன் என்ற சங்கம் உருவானது. 1984-இல் கல்லூரிகளுக்கென்றே தனி தேசியப் போட்டி வந்தது. முதல் பட்டம் ஸ்டான்ஃபோர்டுக்கு. பெண்கள் பிரிவு 1987-இல் சேர்ந்தது.

அணிகள் பெருகப் பெருக ஏணி கட்ட வேண்டியதாயிற்று. முதலில் உள்ளூர் அளவில் செக்‌ஷனல்ஸ், அதில் தேறினால் ரீஜனல்ஸ், அதிலும் தேறினால் நேஷனல்ஸ். கேட்கும்போது எளிமையாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு கேள்வி அப்படியே நிற்கும்: எந்த வட்டாரத்துக்கு எத்தனை இடம்?

எல்லா வட்டாரத்துக்கும் சமமாகக் கொடுத்தால், வலுவான வட்டாரத்தின் மூன்றாவது நல்ல அணி வீட்டில் உட்கார்ந்திருக்கும். பலவீனமான வட்டாரத்தின் இரண்டாவது அணி நேஷனல்ஸுக்குப் போய் எல்லா ஆட்டத்திலும் தோற்றுவிட்டு வரும். அதனால் போன வருஷம் நேஷனல்ஸில் நன்றாக ஆடிய வட்டாரத்துக்கு இந்த வருஷம் கூடுதல் இடம் என்று ஒரு ஏற்பாடு இருந்தது. இதில் உள்ள கோளாறு யாருக்கும் புரியும். கல்லூரி அணியில் ஒருவர் அதிகபட்சம் ஐந்து வருஷம்தான் ஆட முடியும். போன வருஷம் இடத்தைச் சம்பாதித்துக் கொடுத்த சீனியர்கள் பட்டம் வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள். அண்ணன் சம்பாதித்ததைத் தம்பி அனுபவிக்கிற கதைதான்.

2008 வாக்கில் இன்னொரு பக்கமிருந்தும் நெருக்கடி வந்தது. கல்டிமேட் என்ற போட்டி நடத்தும் நிறுவனம், நாட்டின் முன்னணி அணிகளை மட்டும் அழைத்துத் தனி லீக் தொடங்கப் போவதாக அறிவித்தது. அது நிலைக்கவில்லை. ஆனால் மேலே இருக்கிற அணிகளுக்கு நடப்பு முறை பிடிக்கவில்லை என்பது வெளிச்சமாகிவிட்டது. சங்கம் 2010-இல் யூ.எஸ்.ஏ. அல்டிமேட் என்று பெயரை மாற்றிக்கொண்டது. 2011 பருவத்தில் புது ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது.

பத்தும் பத்தும்

புது ஏற்பாட்டில் நாடு 10 வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டது. முதல் பிரிவில், ஆண்கள் பெண்கள் இரண்டிலும் நேஷனல்ஸுக்கு 20 அணிகள். வட்டாரத்துக்குத் தலா ஒரு இடம் உறுதி. மீதிப் பத்து இடம் பலத்துக்கு. அதாவது, அந்தந்த வட்டாரத்தின் முதல் அணியை ஒதுக்கிவிட்டு, தேசியத் தரவரிசையில் அடுத்து வரும் பத்து அணிகள் எந்த வட்டாரமோ அங்கே இடம் கூடும். போன வருஷக் கணக்கு இல்லை, இந்தப் பருவத்தின் ஆட்டங்கள் மட்டும்தான். மாணவர் எண்ணிக்கை 7,500-க்குள் உள்ள சிறிய கல்லூரிகள் விரும்பினால் தனிப் பிரிவில் ஆடலாம். விரும்பாதவர்களும் உண்டு. சுமார் 2,000 மாணவர்களே படிக்கும் மினசோட்டாவின் கார்ல்டன் கல்லூரி பெரிய பிரிவிலேயே ஆடி, 2011-இல் ஆண்கள் பட்டத்தை எடுத்துக்கொண்டு போனது.

தரவரிசை ஒரு சூத்திரத்தில் கணக்கிடப்படுகிறது. ஒரு புள்ளியில் ஜெயித்தால் எதிரணியின் மதிப்பெண்ணைவிட 125 கூடுதலாக ஆடியதாக வைத்துக்கொள்வார்கள். அடித்து நொறுக்கினால் அதிகபட்சம் 600. 15-10 என்றால் சுமார் 454. இப்போ 1800 மதிப்பெண் உள்ள அணி 1000 மதிப்பெண் அணியை 15-10 என்று ஜெயிக்கிறது என்று வையுங்க. ஜெயித்தவர்களுக்கு அந்த ஆட்டத்தின் மதிப்பு 1000 + 454 = 1454. அவர்களின் சராசரி இறங்கும்! தோற்றவர்களுக்கு 1800 - 454 = 1346. சராசரி ஏறும். ஜெயித்தவன் இறங்குகிறான், தோற்றவன் ஏறுகிறான். 15-4 மாதிரி மொத்தமாக அடித்துவிட்டால், மதிப்பெண் இடைவெளி இவ்வளவு பெரிதாக இருக்கும்போது அந்த ஆட்டத்தைக் கணக்கிலேயே எடுக்காமல் விட்டுவிடுவார்கள். பலவீனமான அணியோடு ஆடியதற்காகத் தண்டனை வேண்டாமே என்றுதான்.

இடம் அணிக்கு அல்ல, வட்டாரத்துக்கு

இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி என்று நான் நினைப்பது வேறு ஒரு விதி. பருவம் முழுக்க நன்றாக ஆடி ஒரு அணி கூடுதல் இடத்தைச் சம்பாதித்தாலும், அந்த இடம் அதற்குச் சொந்தமில்லை. வட்டாரத்துக்குத்தான் சொந்தம். ரீஜனல்ஸில் ஜெயிப்பவர்தான் அதில் உட்காருவார். தொகுதி எத்தனை என்பது ஒரு கணக்கு, எம்.எல்.ஏ. யார் என்பது வேறு கணக்கு, இல்லையா? அது மாதிரிதான். எத்தனை இடம் என்று சூத்திரம் சொல்லும், யாருக்கு என்று மைதானம் சொல்லும்.

இதனால் ஒரு வேடிக்கை நடக்கிறது. மார்ச் கடைசி வரை என் வட்டாரத்துப் போட்டி அணி வெளியூரில் ஜெயிக்க வேண்டும் என்று நானே வேண்டிக்கொள்வேன். அவர்கள் தரவரிசையில் ஏறினால் எங்களுக்கு இன்னொரு இடம் கிடைக்குமே! ரீஜனல்ஸ் வந்ததும் அதே அணிதான் எனக்கு முதல் எதிரி. கடைசி இடத்துக்கான ஆட்டத்துக்கு அங்கே ‘கேம் டு கோ’ என்று பெயர். அந்த இடத்தைச் சம்பாதித்துக் கொடுத்த அணியே அதில் தோற்று வீடு திரும்புவதும் உண்டு. ஐந்தாவது வருஷம் ஆடுபவருக்கு அதோடு எல்லாம் முடிந்தது.

கொடுமையாகத் தெரியலாம். ஆனால் மாற்றாக என்ன செய்வது என்று யோசிங்க. இடத்தை நேராக அணிக்கே கொடுத்துவிட்டால் மார்ச்சிலேயே பாதிப் பட்டியல் முடிந்துவிடும். அந்த அணிகளுக்கு ரீஜனல்ஸ் வெறும் சடங்கு.

உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பணம். அல்டிமேட் என்.சி.ஏ.ஏ. விளையாட்டு இல்லை, கல்லூரிகளில் கிளப்பாகத்தான் நடக்கிறது. செலவில் பெரும்பங்கு மாணவர் பாக்கெட்டிலிருந்து போகிறது. ஒரு வட்டாரத்து அணிகள் தங்களுக்குள்ளேயே ஆடிக்கொண்டிருந்தால் மதிப்பெண் கை மாறுமே தவிர, வட்டாரத்தின் மொத்த மதிப்பு ஏறாது. ஏற வேண்டுமானால் வெளியே போய் வலுவான அணிகளோடு மோத வேண்டும்: கலிஃபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்ட் இன்வைட், வட கரோலினாவில் ஈஸ்டர்ன்ஸ் மாதிரித் தொடர்களுக்கு. அழைப்பும் வேண்டும், பயணச் செலவும் வேண்டும். வடக்கே பிப்ரவரியில் மைதானமே பனிக்கு அடியில் கிடக்கும். நியூயார்க்கைச் சுற்றியுள்ள மெட்ரோ ஈஸ்ட் வட்டாரம் பல வருஷங்களில் அந்த ஒரே ஒரு உறுதி இடத்தோடு நின்றுபோயிருக்கிறது. விளையாட்டு பிறந்த மேப்பிள்வுட் அங்கிருந்து கூப்பிடு தூரம்தான்.

அதனால்தான் அந்த முதல் பத்து இடங்களை முக்கியமானதாக நான் பார்க்கிறேன். ‘பலவீனமான வட்டாரத்துக்கு எதுக்கு இடம்? முதல் 20 அணிகளை அப்படியே எடுங்க’ என்று வாதிடுவது சுலபம். அப்படிச் செய்தால் டிக்கெட் வாங்க முடிந்தவர்களின் பட்டியல்தான் கிடைக்கும். வெளியூர் போக வசதியில்லாத அணியும் மே மாதம் தன் வட்டாரத்தில் ஒரு வார இறுதி முழுக்க ஜெயித்தால் நேஷனல்ஸுக்குப் போகலாம் என்ற வழி, அந்தத் தலா ஒரு இடத்தால்தான் இன்னும் திறந்திருக்கிறது.