குட்டியின் சோத்துக் கிண்ணமும் மூணு தலைமுறையும்

ஐப்பசி பொறந்ததுல இருந்து ஊர்ல தான் இருக்கேன். ஊருன்னா வ. புதுப்பட்டி. அந்த 'வ' வுக்கு அர்த்தம் வத்திராயிருப்பு. தமிழ்நாட்டுல புதுப்பட்டிகளுக்குப் பஞ்சமே இல்லைங்கறதால பக்கத்து ஊர்ப் பேரை இனிஷியலா வச்சுக்கிட்டோம். 2025ல இன்ஸ்டாகிராம்ல திடீர்னு உலகப் புகழ் அடைஞ்ச கூமாப்பட்டியும் எங்களுக்குப் பக்கத்து ஊர் தான். நமக்கு அந்த யோகம் இன்னும் வரலை :-)

எங்க லண்டன் டீம் ஆளுங்க இந்த மாசம் பூரா மஞ்ச இலை, செவப்பு இலைன்னு போட்டோவா அனுப்பிட்டு இருக்காங்க. அவங்களுக்கு இலையுதிர் காலம். நமக்கு அது கூதிர் காலம். ஆறு பருவத்துல ஐப்பசியும் கார்த்திகையும் அதுக்குத் தான். இலை உதிராது, மழை தான் உதிரும். மேற்கே மலை மொத்தமா மேகத்துக்குள்ள போயிடும். பிளவக்கல் அணைக்குத் தண்ணி எவ்வளவுங்கறது தான் டீக்கடையில தலைப்புச் செய்தி.

வீட்டுல இருந்தே பொட்டி தட்டுறதால, மூணு வேளையும் சமையக்கட்டு வாசனைக்கு நடுவுல தான் ஆபீஸ். காலைல முருங்கைக்கீரை ஆயறது, மத்தியானம் மிளகு ரசம், சாயங்காலம் காணத்துவையலுக்கு வறுக்கிற வாசனை. நடுவுல என் பொண்ணு. ஒண்ணே முக்கால் வயசு. இங்க அவளுக்குப் பேரு 'குட்டி'ன்னு வச்சுக்குவோம். குட்டிக்கு ஒரு வாய் சோறு ஊட்டுறதுக்குள்ள எனக்கும் தங்கமணிக்கும் தாவு தீர்ந்துடும். காக்கா காட்டணும், ஆட்டுக்குட்டி காட்டணும், எல்லாத்தையும் பார்த்து முடிச்சுட்டு கடைசில 'த்தூ'ன்னு துப்புவா.

போன வாரம் அப்படித்தான் பருப்புச் சோத்தை மொத்தமா துப்பி, கிண்ணத்தையும் தட்டி விட்டுட்டா. என் அப்பத்தா, அதாவது குட்டிக்குப் பூட்டி, எழுபத்தஞ்சு வயசுல தரையில உக்காந்து ஒவ்வொரு பருக்கையா பொறுக்க ஆரம்பிச்சுட்டாங்க.

"விடுங்க அப்பத்தா, கூட்டித் தள்ளிடலாம்"னேன்.

நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாங்க. கோவம் இல்லை. ஆனா அதுக்கப்புறம் நான் வாயத் தொறக்கலை. அன்னிக்கு ராத்திரி மழைல கரண்டு போனப்ப, அவங்களாவே சொன்னாங்க. அதான் இந்தக் கொசுவர்த்திச் சுருள். என்னோடது இல்லை, அவங்களோடது.

அப்பத்தா பொறந்தது 1950 வாக்குல. நெல்லு விளையுற ஊரு தான். ஆனா நெல்லு வேற, நெல்லுச்சோறு வேற. கூலிக்குப் போற வீட்டுல கம்மங்கூழ், கேப்பைக்களி, சோளச்சோறு. நெல்லுச்சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தான். எல்லாத்தையும் விட மோசமான மாசம் எதுன்னு கேட்டா, யோசிக்காம 'ஐப்பசி'ங்கறாங்க. போன வருஷத்துத் தானியம் காலி. புது அறுவடைக்கு தை வரணும். அடைமழை பிடிச்சா வேலை கிடையாது, வேலை இல்லைன்னா கூலி கிடையாது. நான் ஜன்னலோரம் சுக்குமல்லிக் காப்பியோட ரசிக்கிற இதே மழை தான்.

அப்பத்தாவுக்கு ஒரு தம்பி இருந்தான். ஒண்ணரை வயசு. அம்மா நடவுக்குப் போயிட்டா அவனைத் தூக்கி வச்சுக்கறது அஞ்சு வயசு அப்பத்தாவோட வேலை. அதனால பள்ளிக்கூடம்ங்கற பேச்சே இல்லை. ஒரு ஐப்பசில அவனுக்கு வயித்தால போச்சு. கூழைத் தண்ணியா கரைச்சுக் கரைச்சுக் குடுத்திருக்காங்க. மூணாம் நாள் அவன் இல்லை.

"அவன் போனப்புறம் எனக்குத் தூக்க ஆளில்ல ஏய்யா. பள்ளிக்கூடத்துல மத்தியானம் சோறு போடுறாகன்னு சொன்னாக. அனுப்பிட்டாக."

அவ்வளவு தான் சொன்னாங்க. நான் அன்னிக்குத் தூங்கலை. மறுநாள்ல இருந்து கிடைச்ச நேரத்துல எல்லாம் அந்தச் சோத்தோட கதையைத் தேடிப் படிச்சேன். படிச்சதை என் மூளைக்கு எட்டின வரைக்கும் இங்க எழுதி வைக்கறேன்.

முதல் புள்ளி 1920, சென்னை. நீதிக்கட்சி காலம். மாநகராட்சித் தலைவரா இருந்தவர் பிட்டி தியாகராயர். ஆயிரம் விளக்குல இருந்த மாநகராட்சிப் பள்ளில பிள்ளைங்களுக்குச் சிற்றுண்டி குடுக்கலாம்னு தீர்மானம் போடுறாங்க. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு அணாவுக்கு மேல போகக்கூடாதுன்னு கணக்கு. அப்புறம் இன்னும் சில பள்ளிகளுக்கும் போச்சு. ஆனா தொடக்கக்கல்விப் பணத்தை இதுக்குச் செலவு பண்ணக்கூடாதுன்னு அன்னிய அரசாங்கம் கையை விரிச்சதால 1925ல நின்னு போச்சு.

ரெண்டாவது புள்ளி எங்க மாவட்டத்துக்காரர். 1903ல விருதுநகர்ல பொறந்து, பன்னெண்டு வயசு வாக்குலயே படிப்பை விட்ட காமராஜர். 1954ல முதல்வர் ஆனார். 1957லயும் 1962லயும் ஜெயிச்சது சாத்தூர் தொகுதில. ஆடு மேய்ச்ச பையன்கிட்ட 'ஏன் பள்ளிக்கூடம் போகலை'ன்னு கேட்டப்ப, 'சோறு போடுவியா'ன்னு அவன் திருப்பிக் கேட்டதா ஒரு கதையை எல்லாரும் சொல்லுவாங்க. கதை எப்படியோ, 1956ல மதிய உணவு ஆரம்பிச்சது நிஜம். கல்வித்துறை இயக்குநரா இருந்த நெ. து. சுந்தரவடிவேலுவோட உழைப்பு அதுல நிறைய.

இதுல எனக்குப் பிடிச்ச விஷயம், ஆரம்பத்துல இது முழு அரசாங்கத் திட்டம் கிடையாது. ஊர்க்காரங்க தான் அரிசி, பருப்பு, விறகு, காய்னு குடுத்து நடத்தினாங்க. அரசாங்கம் அப்புறம் கை கோத்துச்சு. ஒரு சாப்பாட்டுக்கு பத்து பைசான்னா ஆறு பைசா அரசாங்கம், நாலு பைசா ஊர். எங்க ஊர்லயும் யாரோ ஒருத்தர் வீட்டுக் குதிர்ல இருந்து வந்த நெல்லு தான் என் அப்பத்தாவை எழுத்துக்கூட்டிப் படிக்க வச்சிருக்கு. அஞ்சாப்பு வரைக்கும் படிச்சாங்க. பஸ் போர்டு படிப்பாங்க, ரேஷன் கார்டு படிப்பாங்க, என் கையெழுத்து மட்டும் புரியலைம்பாங்க :-)

1961ல இருந்து 'கேர்' அமைப்பு மூலமா அமெரிக்கப் பால் பவுடரும் எண்ணெயும் தானியமும் வந்துச்சு. அந்த மஞ்சள் உப்புமா வாசனையை இன்னிக்கும் சில பெருசுங்க கண்ண மூடிச் சொல்லுவாங்க.

இங்க தான் எனக்கு ஒரு விஷயம் உறைச்சது. 1920, 1956 ரெண்டுமே பள்ளிக்கூடத்துக்குப் போற பிள்ளைக்குத் தான். வெளிநாட்டுலயும் இதே கதை. இங்கிலாந்துல 1906ல வந்த சட்டமும், அமெரிக்காவுல 1946ல வந்த சட்டமும் பள்ளிச் சாப்பாட்டுக்குத் தான். ஆறு வயசுப் பிள்ளை ஒரு கட்டடத்துக்குள்ள வரிசையா வந்து உக்காரும், தட்டு வச்சாப் போதும். ஒண்ணரை வயசுப் பிள்ளை எந்த ரிஜிஸ்டர்லயும் கிடையாது. அதுக்குத் தட்டு வச்சா மட்டும் பத்தாது, பக்கத்துல உக்காந்து ஊட்ட ஒரு ஆள் வேணும். கொஞ்சம் கொஞ்சமா நாலஞ்சு வேளை குடுக்கணும். அந்த ஆள் நடவுல இருந்தா? அப்பத்தாவுக்குச் சோறு வந்துடுச்சு. அவங்க தம்பி வயசுக்கு அது வர இன்னும் பல வருஷம் ஆச்சு.

1975 அக்டோபர் 2ல ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் ஆரம்பிச்சது. அங்கன்வாடின்னு இன்னிக்கு நாம சொல்றதோட தொடக்கம் அது தான். ஆனா இந்தியா முழுக்க சேத்து வெறும் 33 வட்டாரத்துல. 1980ல உலக வங்கி உதவியோட தமிழ்நாட்டுல ஒரு ஊட்டச்சத்துத் திட்டம் வந்துச்சு. ஆறு மாசத்துல இருந்து மூணு வயசு வரைக்கும் உள்ள பிள்ளைங்களை மாசாமாசம் எடை போட்டு, அட்டைல குறிச்சு, எடை ஏறாத பிள்ளைக்கு மட்டும் சத்து உருண்டை. என்னை மாதிரி ஆளுக்குச் சொன்னா, மொதல்ல லாக் எடு, எங்க இடிக்குதோ அங்க மட்டும் சரி பண்ணு. எடை போடாத வரைக்கும், ஒரு பிள்ளை இளைக்கறது தினமும் பார்க்கிற அம்மாவுக்கே தெரியாதாம்.

அப்புறம் 1982 ஜூலை 1. சின்ன வயசுல பசியை நேர்ல பார்த்த எம்.ஜி.ஆர் சத்துணவுத் திட்டத்தை திருச்சிப் பக்கம் பாப்பாக்குறிச்சில ஆரம்பிச்சார். இதுல கிராமத்துல ரெண்டு வயசுல இருந்தே சேத்தாங்க. ரெண்டுல இருந்து அஞ்சு வரைக்கும் பால்வாடி, அதுக்கு மேல பள்ளிக்கூடம். சமைக்கறதுக்கும் பார்த்துக்கறதுக்கும் ஊர்ப் பொம்பளைங்களையே வேலைக்கு வச்சாங்க. கணவனை இழந்தவங்களுக்கும் கைவிடப்பட்டவங்களுக்கும் முன்னுரிமை. 'இது ஓட்டுக்காக, கஜானா காலியாயிடும்'னு நிறைய பெரியவங்க அப்போ எழுதினாங்க. 2001 நவம்பர்ல உச்ச நீதிமன்றம், எல்லா மாநிலமும் தொடக்கப்பள்ளில சமைச்ச சாப்பாடு போடணும்னு உத்தரவு போட்டுச்சு. ஓட்டுக்காகன்னு சொன்னது நாட்டுக்கே சட்டம் ஆச்சு.

1982ல எங்கப்பா மூணாப்பு. தட்டைத் தலைல கவுத்துக்கிட்டு மழைல பள்ளிக்கூடம் ஓடினதைச் சொல்லுவார். அத்தைக்கு அப்போ மூணு வயசு, பால்வாடி. அப்பத்தா சொன்னது இது: "உங்க அத்தையத் தான்யா மொதத்தடவை ஒருத்திகிட்ட எறக்கி விட்டுட்டு, திரும்பிப் பாக்காம வேலைக்குப் போனேன்."

ரெண்டாயிரத்துல நானும் அதே பால்வாடி தான். சத்துமாவை வீட்டுல கொண்டு போய் கஞ்சி காய்ச்சணும்னு குடுத்தா, வழியிலயே உருண்டை புடிச்சு முழுங்கிடுவேன். அந்த இனிப்பு வேற எந்த ஸ்வீட்லயும் இல்லைங்க. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா கோவிச்சுக்கக் கூடாது :-) முட்டை 1989ல ரெண்டு வாரத்துக்கு ஒண்ணுன்னு தொடங்கி, 2010ல பள்ளிக்கூடத்துல வாரத்துக்கு அஞ்சு ஆச்சு. 2022 செப்டம்பர் 15ல மதுரைல காலை உணவும் ஆரம்பிச்சு, 2023 ஆகஸ்ட்ல எல்லா அரசு தொடக்கப்பள்ளிக்கும் போச்சு.

எல்லாம் சுபம்னு முடிச்சுடலாம். ஆனா கணக்கையும் சொல்லணும். தமிழ்நாட்டுல 1970கள் தொடக்கத்துல பொறக்கிற ஆயிரம் பிள்ளைல நூறுக்கு மேல ஒரு வயசைத் தாண்டலை. 2020ல அது 13. மருந்து, தடுப்பூசி, படிச்ச அம்மா, ரோடு, தண்ணின்னு எல்லாம் சேர்ந்தது அது. சோறு மட்டும் இல்லை, ஆனா சோறு இல்லாமலும் இல்லை. அதே சமயம் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புல, தமிழ்நாட்டுல அஞ்சு வயசுக்குக் கீழ உள்ள நாலுல ஒரு பிள்ளை வயசுக்கேத்த உயரம் இல்லை. பாதிக்கு மேல ரத்தசோகை. அந்தத் தம்பி வயசுப் பிள்ளைங்க கணக்கு இன்னும் முழுசா தீரலை.

அப்பத்தா குட்டிக்குன்னு ஒண்ணு செய்வாங்க, அதையும் சொல்லிடறேன். கேப்பையை ஒரு ராத்திரி ஊறவச்சு, துணில கட்டி முளைகட்ட விடணும். நிழல்ல காயவச்சு, லேசா வறுத்துத் திரிச்சு, சலிச்சு வச்சுக்கணும். ரெண்டு கரண்டி மாவைத் தண்ணில கரைச்சு, கட்டி தட்டாமக் காய்ச்சி, கருப்பட்டிப் பாகும் கொஞ்சம் பாலும். 100 கிராம் கேப்பைல கால்சியம் 350 மில்லிகிராம் பக்கம் இருக்கு. முளைகட்டறதுல ஒரு சூட்சுமம். முளைவிடும்போது மாவுச்சத்து உடைஞ்சு கஞ்சி இளகலாகிடும். அதனால கெட்டியாகாம அதிக மாவு போடலாம். சின்ன வயிறு, கம்மியாத் தான் குடிக்கும், அந்தக் கம்மிக்குள்ள சத்து நிறையப் போகும்.

இது அவங்களுக்கு எப்படித் தெரியும்னு கேட்டேன். பால்வாடில மீட்டிங் போட்டப்ப சொல்லிக் குடுத்தாங்களாம். அத்தைக்குச் செஞ்சு குடுத்தது தான் முதல் தடவை.

"அப்பவே தெரிஞ்சிருந்தா"ன்னு ஆரம்பிச்சாங்க. முடிக்கலை. வெறும் தண்ணியா கரைச்சுக் குடுத்த அந்தக் கூழ் ஞாபகம் வந்திருக்கும்.

நேத்து குட்டி மறுபடி சோத்தைக் கொட்டினா. இந்தத் தடவை அப்பத்தாவுக்கு முன்னாடி நான் உக்காந்து பொறுக்கினேன். குட்டியும் பக்கத்துல உக்காந்து ஒரு பருக்கையை எடுத்து, சுத்திச் சுத்திப் பார்த்துட்டு, பூட்டி வாயில கொண்டு போய் வச்சா. அப்பத்தா சிரிச்சுக்கிட்டே முழுங்கினாங்க.

உங்க வீட்டுல எழுபது தாண்டின பெரியவங்க இருந்தா, இந்த மழை நாள்ல பக்கத்துல உக்காந்து, சின்ன வயசு ஐப்பசில என்ன சாப்பிட்டீங்கன்னு ஒரு தடவை கேளுங்க. எனக்கு இருபத்தெட்டு வருஷம் கேக்கத் தோணலை.