பங்காளிச் சண்டையில் போன தஞ்சாவூர்

நம் சேர்வராயன் மலையும் சேலம் சீமையும் ஆங்கிலேயர் கைக்குப் போனது 1792-ல். போரில் தோற்ற திப்பு சுல்தான் எழுதிக் கொடுத்த பகுதி இது. ஏழே வருஷத்தில் தஞ்சாவூரும் போயிற்று. ஆனால் 1799-ல் அங்கே போரே நடக்கவில்லை. ஏன் என்று படித்துப் பார்த்தேன்.

தஞ்சை காவிரி பாயும் பூமி; நெல்லுக்குப் பஞ்சமில்லை. மராட்டிய மன்னர் துக்கோஜி 1736-ல் இறந்ததும் வாரிசுத் தகராறு ஆரம்பித்தது. மூன்று வருஷத்துக்குள் அரியணை பலமுறை கைமாறியது. பட்டத்துக்கு உதவி வேண்டி சாகுஜி, காரைக்காலைத் தருவதாகப் பிரெஞ்சுக்காரரிடம் சொன்னார். 1739-ல் அது அவர்களுடையதாயிற்று. பட்டம் நிலைக்காத அவர், பிறகு ஆங்கிலேயரிடம் போனார். அவர்கள் 1749-ல் கொள்ளிடக் கரைத் தேவிக்கோட்டையைப் பிடித்துக்கொண்டு, அழைத்தவரைக் கைவிட்டு, அரியணையில் இருந்த பிரதாப சிங்குடனேயே சமாதானமாகிவிட்டார்கள்!

1787-ல் மன்னர் துளஜா இறந்தபோதும் அதே கதைதான். தம்பி அமர்சிங்கா, தத்துப்பிள்ளை சரபோஜியா? கும்பினியார் முதலில் அமர்சிங்கை உட்கார வைத்தார்கள். 1798-ல் அவரை இறக்கிச் சரபோஜியை ஏற்றினார்கள். மறு வருஷமே ஒப்பந்தம். நாட்டு நிர்வாகம் கும்பினிக்கு. மன்னருக்குக் கோட்டையும் வருவாயில் ஒரு பங்கும்.

பஞ்சாயத்துக்கு வந்தவன் ஒவ்வொரு தடவையும் கூலியாக ஒரு துண்டு நிலம் வாங்கினான். கடைசியில் வீட்டையே வாங்கிவிட்டான்.

மிளகுக்கொடி ஏறிய ஒரு சில்வர் ஓக் மரத்துக்காகக் கோர்ட்டுக்குப் போன அண்ணன் தம்பியை எனக்குத் தெரியும். கேஸ் முடிந்தபோது தோட்டம் மூன்றாம் ஆள் கையில் இருந்தது.