மணிமண்டபத்தில் பொங்கல் பானை

லோயர்கேம்ப்பில் 2013 ஜனவரி 15 அன்று முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பொறியாளர் பென்னிகுக்கின் மணிமண்டபம் திறக்கப்பட்டது. அரசு கட்டியது சிலையும் படங்களும் கொண்ட நினைவிடம்; வந்து பார்த்துவிட்டுப் போவதற்கானது. கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிகளுக்கு அது போதவில்லை. ஆண்டுதோறும் அவர் பிறந்தநாளில் சிலைக்கு மாலை போட்டுப் பொங்கல் வைக்கிறார்கள். பாலார்பட்டியில் ஊரே கூடி வைக்கிறது. இது புதிதாக முளைத்த பக்தியும் அல்ல. மண்டபம் எழும்புவதற்கு முன்பே வீடுகளிலும் கடைகளிலும் அவர் படம் சாமி படங்களுக்குப் பக்கத்தில் தொங்கியது. அருங்காட்சியகத் துறையினர் இதைப் பார்த்தால் முகம் சுளிக்கக்கூடும். எனக்கோ தாவோ தத்துவத்தின் சீன ஞானி லாவோட்சு நினைவுக்கு வருகிறார். பானை பயன்படுவது அதன் உள்வெளியால்தான் என்பது அவர் கருத்து. வருகிறவர் தன் நன்றியை இறக்கிவைக்க இடம் விடாத மண்டபம், வாய் மூடிய பானை.

இயற்கையின் போக்கோடு போகச் சொல்லும் தாவோவை ஆற்று நீருக்குக் கொண்டுவருவது வலிந்த ஒப்பீடு அல்ல. சீனாவின் சிச்சுவானில், கி.மு. 3ஆம் நூற்றாண்டில் லி பிங் என்ற ஆளுநர் மின் ஆற்றை மறிக்காமல், நடுவே கரையிட்டு இரண்டாகப் பிரித்துச் சமவெளிக்குப் பாய்ச்சினார். துஜியாங்யான் என்ற அந்தப் பாசன அமைப்பு இன்றும் வேலை செய்கிறது. 2000இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. அதன் கரையிலுள்ள தாவோக் கோயிலில் லி பிங் தெய்வம். ஊதுவத்தி ஏற்றுபவரும் பொறியியல் படிக்க வருபவரும் ஒரே படிக்கட்டில் ஏறுகிறார்கள். நம்மூர்க் கதையில் ஒரு முரண் உண்டு. மேற்கே ஓடிய பெரியாற்றைப் பென்னிகுக் 1887 முதல் 1895 வரை சுண்ணாம்பும் சுர்க்கி என்ற செங்கல் தூளும் கொண்டு மறித்து, மலையைக் குடைந்து கிழக்கே வைகைக்குத் திருப்பியது தாவோவுக்கு நேர் எதிரான வேலை. ஆனாலும் தண்ணீர் பெற்ற இரு நாட்டு மக்களும் அதைத் தந்தவரைச் சாமியாக்கினார்கள்.

மணிமண்டபத்தை வருகிறவர் விருப்பத்துக்கே விட்டுவிட்டால் வரலாறு என்னாவது என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. பென்னிகுக் சொந்தச் சொத்தை விற்று அணையை முடித்தார் என்பது பள்ளத்தாக்கின் பிரியமான கதை. அதற்கு உறுதியான ஆவணம் கிடையாது, அணை எழுந்தது சென்னை மாகாண அரசின் பணத்தில். காய்ச்சலிலும் விபத்திலும் மாண்ட கூலியாட்களுக்கோ படமும் இல்லை, மாலையும் இல்லை. ஆனால் தாவோ சொல்லும் செயலாமை என்பது கைகட்டி நிற்பதல்ல. இன்னொரு தாவோ ஞானி சுவாங்ட்சு சொல்லும் கசாப்புக்காரர் எலும்பை வெட்டுவதில்லை. மூட்டுக்கு நடுவிலுள்ள சந்தில் கத்தியை விடுகிறார். கும்பிடுகிறவரிடம் உங்கள் கதை பொய் என்று பலகை எழுதி வைப்பது எலும்பை வெட்டுவது. செத்தவர்களுக்குப் படைக்கத் தெரிந்த மக்கள் இவர்கள். சந்து அங்கேதான் இருக்கிறது. அணை வேலையில் இறந்தவர்களுக்குச் சிலைக்குப் பக்கத்திலேயே ஒரு கல் நட்டால் போதும். அடுத்த தைப் பொங்கலில் அதன் முன்னாலும் ஓர் இலை விழும்.