‘பிரஷர்தான் நார்மல் ஆயிடுச்சே, இன்னும் எதுக்கு மாத்திரை?’ ரத்த அழுத்த மருந்து உடலுக்குள் என்ன செய்கிறது?

சுங்குவார்சத்திரம், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதித் தொழிற்சாலைகளில் பலருக்கும் ஷிஃப்ட் வேலை. சாப்பாடு, தூக்கத்தோடு பிரஷர் மாத்திரை போடும் நேரமும் மாறிப்போகிறது. சில வாரங்களில் அளவு நார்மலுக்கு வந்ததும், ‘இனிமே தேவையில்ல’ என்று நிறுத்திவிடுபவர்களும் உண்டு. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

அந்த நார்மல், மாத்திரை செய்த வேலை. பெரும்பாலானவர்களுக்கு மாத்திரை நோயைக் குணப்படுத்துவதில்லை. அழுத்தத்தை இறக்கிப் பிடித்து வைத்திருக்கிறது. நிறுத்தினால் மறுபடி ஏறும். ஏறுவது தெரியவும் தெரியாது. தலைவலி, தலைசுற்றல் எதுவும் இல்லாமலேயே 140/90-ஐத் தாண்டியிருக்கலாம்.

எப்படிக் குறைகிறது?

அதிகம் எழுதித் தரப்படும் மருந்துகளில் ஒன்று அம்லோடிபின். ரத்தக்குழாய்ச் சுவரில் உள்ள தசைக்குள் கால்சியம் நுழைவதை இது குறைக்கிறது. தசை தளர்ந்து குழாய் விரிவதால் அழுத்தம் இறங்குகிறது. சிலருக்குக் கணுக்கால் வீங்கும். நாள் முழுக்க நின்று வேலை செய்பவர்களுக்கு இது பளிச்சென்று தெரியும். உடனே ‘கிட்னி போச்சு’ என்று பயந்து மாத்திரையைத் தூக்கிப் போட வேண்டாம். டாக்டரிடம் காட்டினால் காரணம் பார்த்து, டோஸைக் குறைப்பார் அல்லது மருந்தை மாற்றுவார்.

ரத்தக்குழாயைச் சுருக்கும் ஆஞ்சியோடென்சின் என்ற பொருள் நம் உடலிலேயே உருவாகிறது. எனலாப்ரில் அது உருவாவதைக் குறைக்கிறது. டெல்மிசார்டன், லோசார்டன் அது வேலை செய்யவிடாமல் தடுக்கின்றன. எனலாப்ரிலால் சிலருக்கு வறட்டு இருமல் வரும். இந்த மூன்றுமே கர்ப்ப காலத்தில் குழந்தையைப் பாதிக்கக்கூடியவை. குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

தையசைடு வகை மாத்திரைகள் உப்பையும் நீரையும் சிறுநீரில் வெளியேற்றுகின்றன. அட்டெனோலால் இதயத் துடிப்பின் வேகத்தைக் குறைக்கிறது. இதைத் திடீரென நிறுத்துவது ஆபத்து. நெஞ்சுவலி, மாரடைப்பு வரைக்கும் போகலாம்.

நைட் ஷிஃப்ட்டில் எப்போது போடுவது?

பிரிட்டனில் 21,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த ‘டைம்’ ஆய்வின் முடிவு 2022-ல் வெளியானது. காலையில் போட்டவர்களுக்கும் இரவில் போட்டவர்களுக்கும் மாரடைப்பு, பக்கவாத ஆபத்தில் வித்தியாசம் இல்லை. ஆக, ஷிஃப்ட் மாறினாலும் விடாமல் போட முடிகிற ஒரு நேரத்தை டாக்டரிடம் பேசி முடிவு செய்துகொள்ளலாம். ஒரு வேளை விட்டுப்போனால், அடுத்த வேளை இரண்டாகப் போடக் கூடாது.

இன்னொன்று: உடம்பு வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்றவை பிரஷரை ஏற்றிவிடும். பிரஷர் மாத்திரை சாப்பிடுவதைக் கடைக்காரரிடம் சொல்லிவிடுவது நல்லது.

காசு இல்லாமல் எங்கே கிடைக்கும்?

ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. 2024-ல் இத்திட்டம் பணியிடங்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. மாதச் சம்பளம் ரூ.21,000 வரை வாங்கி, இ.எஸ்.ஐ. அட்டை வைத்திருப்பவர்கள் இ.எஸ்.ஐ. மருந்தகத்திலும் வாங்கிக்கொள்ளலாம்.